ஓர் ஊருக்கு இரண்டு பெயர்



ஊருக்குப் பெயர் எதற்காக? இவ்வினாவை ஒரு மாணவனிடம் கேட்டால், அவ்வூரைத் தேடிப் போகிறவன் வழி தவறாதிருப்பதற்காக என்று விடை சொல்வான். அவ்விடை சரியானதே. கடிதம் போய்ச் சேரவும், காணி உறுதி எழுதவும், பிறப்பு இறப்பைப் பதியவும் ஊருக்கு ஒரு பெயர் வேண்டும். எல்லை பற்றிய ஐயம் இல்லாத நாட்டில் அதற்கு மேல் அப்பெயருக்கு வேலை இல்லை. ஆனால், இரு நாடுகளுக்கு இடையில் எல்லை வழக்கு எழுந்துவிட்டதாயின், அதே பெயர் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகின்றது. “பெயர் எங்கள் மொழியில் இருக்கின்றது, ஆதலால் நிலம் எங்களுடையது” என்பார் ஒரு சாரார். “அப்பெயர் நேற்று வைத்த பெயர்; அதற்கு முன்பிருந்த பெயர் எங்களுடையது” என்பார் மறுசாரார். இந்த வாதத்தின் நடுவே, அவ்வூரில் அடுப்பு மூட்டி வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதைக் கேட்பாரில்லை.

இத்தகைய வழக்குக்கு இன்றும் தீராத உதாரணமாய் நிற்பது காக்கேசிய மலைகளின் தென்புறம். கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட அந்த மலைநாட்டில் ஆர்மீனியாவும் அசர்பைஜானும் அயல்நாடுகளாக உள்ளன. ஆர்மீனியர் பெரும்பாலும் கிறித்தவர். தமக்கென ஒரு தனி மொழியும் எழுத்தும் உடையவர். அசர்பைஜானியர் பெரும்பாலும் இசுலாமியர். துருக்கிய இனத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுபவர். இவ்விரு மக்களும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்த ஊர்களிலும், சில இடங்களில் ஒரே ஊரின் இரண்டு தெருக்களிலும் வாழ்ந்தவர்கள். ஆகவே மலைக்கும் ஆற்றுக்கும் ஊருக்கும் இரு மொழியிலும் பெயர்கள் வழங்கியமை வியப்பன்று.

இந்த எல்லைப்புறத்தில் ஒரு புதுமை உண்டு. ஒரு நாட்டுக்குரிய ஊர், மற்ற நாட்டு நிலத்தால் நாற்புறமும் சூழப்பட்டுக் கிடக்கும். கடல் நடுவே தீவு கிடப்பது போல, அயலார் நிலத்தின் நடுவே கிடக்கும் அவற்றை நிலத்தீவுகள் என்று நாம் சொல்லலாம். சோவியத்து ஆட்சிக் காலத்தில் இவ்வெல்லைகள் வகுக்கப்பட்டபோது, இரு நாடுகளும் ஒரே ஒன்றியத்தின் மாநிலங்களாக இருந்தன. எல்லை என்பது அலுவலகத்துத் தேசப்படத்தில் ஒரு கோடு மாத்திரமே. மாட்டை மேய்ப்பவன் அதைக் கண்டதில்லை. சந்தைக்குப் போகிறவள் அதை அறிந்ததுமில்லை. 1991 ஆம் ஆண்டில் சோவியத்து ஒன்றியம் கலைந்தபோது, அக்கோடுகள் எல்லாம் நாடுகளின் எல்லைகளாயின. நிலத்தீவில் இருந்தவன் ஒரு நாளில் அயல்நாட்டின் நடுவே அகப்பட்டுக் கொண்டான்.

அத்தகைய ஊர்களுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று கார்க்கி. இது அசர்பைஜானின் ஒரு பகுதியாகிய நக்கிச்செவானுக்குரிய நிலத்தீவு. ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு இதனூடாகவே போகின்றது. 1990 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் இது ஆர்மீனியரின் கையில் இருக்கின்றது. அவர்கள் இதனைத் திக்ரானாஷென் என்று அழைக்கின்றனர். ‘திக்ரான்’ என்பது ஆர்மீனியரின் பண்டை மன்னர் பெயர்; ‘ஷென்’ என்பது ஊர். நம் வழக்கில் திக்ரானூர் என்போம். மற்றொன்று ஆர்ட்ஸ்வஷென். இது ஆர்மீனியாவுக்குரிய நிலத்தீவு. பரப்பு ஏறத்தாழ 40 சதுர கிலோமீற்றர். 1992 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அசர்பைஜான் இதனைக் கைப்பற்றியது. அசர்பைஜானியர் இதனை அழைப்பது பாஷ்கெந்து என்று. ஆர்மீனியப் பெயருக்குக் கழுகூர் என்பது பொருள். அசர்பைஜானியப் பெயருக்குத் தலையூர் என்பது பொருள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல். ஒன்றில் ஆர்மீனியர் குடியிருக்கின்றனர். ஆனால் நிலம் சட்டப்படி அசர்பைஜானுக்குரியது. மற்றதை அசர்பைஜான் ஆள்கின்றது; ஆனால் நிலம் சட்டப்படி ஆர்மீனியாவுக்குரியது. கார்க்கியில் இன்று குடியிருப்போருள் பலர், அசர்பைஜானில் இருந்த தம் வீடுகளை இழந்து வந்த ஆர்மீனிய அகதிகள். கார்க்கியை விட்டுப் போனவர்களோ, நக்கிச்செவானில் வேறோர் இடத்தில் புதிய ஊர் ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்கு யெனி கார்க்கி, அதாவது புதுக் கார்க்கி, என்று பெயர் வைத்தனர். நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக இயலாது. வீட்டையும் கிணற்றையும் தூக்கிக்கொண்டு போக இயலாது. பெயரை மாத்திரம் எடுத்துக்கொண்டு போனார்கள். இங்கே பெயர் என்பது தேசப்படக்காரரின் குறிப்பு அன்று. அகதியின் மூட்டையில் எஞ்சிய ஒரே சொத்து அது. ஊர்ப்பெயரைப் பற்றி வாதிடுவோர் முதலில் உணரவேண்டியது இதுவே.

இனி, இப்பெயர்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று நோக்குவோம். நம் ஊர்ப்பெயர்கள் பல குளம் என்றும் காடு என்றும் முனை என்றும் முடிவது போல, ஆர்மீனியப் பெயர்கள் பல ‘ஷென்’ என்று முடியும். அசர்பைஜானியப் பெயர்கள் பல ‘கெந்து’ என்று முடியும். இரண்டுக்கும் ஊர் என்பதே பொருள். கஞ்சா நகரின் தென்புற மலைச்சாரலில் ஆர்மீனியர் வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. அவர்கள் அதனைக் கெட்டஷென் என்றனர். அசர்பைஜானியர் சாய்கெந்து என்றனர். ஆர்மீனிய மொழியில் ‘கெட்’ என்றால் ஆறு. அசர்பைஜானிய மொழியில் ‘சாய்’ என்றாலும் ஆறு. ஆக, இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: ஆற்றூர். ஒரே ஆற்றைக் கண்டு, ஒரே கருத்தை எண்ணி, இரு மக்களும் தத்தம் மொழியில் ஒரே பெயரைச் சொன்னார்கள். 1991 ஆம் ஆண்டில் அவ்வூர் ஆர்மீனியர் படைபலத்தால் வெளியேற்றப்பட்டனர். பொருள் ஒன்றாயிருந்தும் அவர்களை அது காக்கவில்லை.

வேறு சில பெயர்களில் பொருள் வேறு, ஒலி ஒன்று. ஆர்மீனியாவின் வடகிழக்கு எல்லையில் வொஸ்கெபார் என்றோர் ஆர்மீனிய ஊர் உண்டு. அதனை அடுத்தே அஸ்கிபாரா என்னும் பெயருடைய அசர்பைஜானிய ஊர்கள் இரண்டு இருந்தன: கீழ் அஸ்கிபாரா, மேல் அஸ்கிபாரா. ஒலியைக் கேட்டால் ஒரு வேரின் இரு கிளைகள் போலத் தோன்றும். ஆனால் ஆர்மீனியன் செவியில் ‘வொஸ்கி’ என்பது பொன். அசர்பைஜானியன் செவியில் ‘அஸ்கி’ என்பது பழையது. ஒவ்வொருவரும் தம் மொழியின் சொல்லையே அதில் கேட்கின்றனர். கேட்டபின், மற்றவர் நம்மிடமிருந்து எடுத்துத் திரித்துக்கொண்டார் என்று குற்றமும் சாற்றுகின்றனர். பல தலைமுறை ஒரே பள்ளத்தாக்கில் வாழ்ந்தவரிடையே சொற்கள் வேலி தாண்டிப் போகும், வரும் என்பதை இருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

சர்ச்சையின் மையமாகிய மலைநாட்டின் பெயரும் அவ்வாறே. அதனை உலகம் நாகோர்னோ கராபாக் என்று அறியும். ‘நாகோர்னோ’ உருசியச் சொல். மலைப்பாங்கானது என்பது பொருள். ‘கரா’ என்பது துருக்கிய மொழியில் கருமை. ‘பாக்’ என்பது பாரசீகத்தில் தோட்டம். ஆர்மீனியரோ அதனை ஆர்ட்சாக் என்பர். அதன் தலைநகரைப் பற்றிய வழக்கு இன்னும் கடுமையானது. கான்கெந்து என்று வழங்கிய ஊர், 1923 ஆம் ஆண்டில் ஸ்டெபானகெர்ட் என்று மாற்றப்பட்டது. பாக்கு நகரப் புரட்சி ஆட்சியின் தலைவராயிருந்து, 1918 இல் கொல்லப்பட்ட ஸ்டெபான் ஷவுமியான் என்ற ஆர்மீனியரின் நினைவாக வைத்த பெயர் அது. 1991 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் அசர்பைஜான் பாராளுமன்றம் அம்மலைநாட்டின் தன்னாட்சியை நீக்கியபோது, அந்நகரின் பெயரையும் கான்கெந்து என்று மீண்டும் மாற்றியது. கானின் ஊர் என்பதே பழம்பெயர் என்பர் அசர்பைஜானியர். அதற்கும் முன்னே வராராக்கன் என்ற பெயர் இருந்தது என்பர் ஆர்மீனியர். இப்படியே பின்னோக்கிப் போனால் முடிவு ஏது? முன்னர் வந்தவன் யார் என்ற வினாவுக்குப் பெயரகராதியில் விடை காண முயல்வது, கடலின் ஆழத்தை அகப்பையால் அளக்க முயல்வதை ஒக்கும்.

ஆட்சி மாறும்போதெல்லாம் ஊர்ப்பெயர் மாறிய கதை அந்நாடுகளுக்குப் புதிதன்று. கஞ்சா என்ற பழம்பெரு நகரை உருசியப் படை 1804 இல் கைப்பற்றியதும் அது எலிசவெத்துபோல் ஆயிற்று. 1918 இல் மீண்டும் கஞ்சா. 1935 இல் சோவியத்துத் தலைவர் ஒருவரின் பெயரால் கிரோவாபாத். 1989 இல் திரும்பவும் கஞ்சா. ஆர்மீனியாவின் கியூம்ரி நகரும் உருசியப் பேரரசின் கீழ் அலெக்சாந்துரோபோல் என்றும், சோவியத்து ஆட்சியில் லெனினாகன் என்றும் வழங்கி, இன்று மீண்டும் கியூம்ரி ஆயிற்று. இவை வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர் சூட்டிய பெயர்கள். அவர்கள் போனபின் பழம்பெயர் திரும்பியது. அதனால் எவருக்கும் பெரிய இழப்பில்லை.

அயலவர் பெயரை அயலவர் அழிப்பது வேறு வகையானது. ஆர்மீனியாவில் துருக்கிய மொழிப் பெயர் தாங்கிய ஊர்கள் 1935, 1946, 1978, 1991 ஆகிய ஆண்டுகளில் அலை அலையாக ஆர்மீனியப் பெயர் பெற்றன. அசர்பைஜானிலும் அவ்வாறே. 1991 இல் மலைநாட்டின் தன்னாட்சி நீக்கப்பட்டபோது மர்த்தகெர்ட் அக்தரா ஆயிற்று; மர்த்துனி கோஜவெந்து ஆயிற்று. இங்கே ஒரு பக்கத்தாரை மாத்திரம் குற்றஞ் சொல்லுதல் நீதியாகாது. 1988 ஆம் ஆண்டு தொடங்கி, அசர்பைஜானை விட்டு ஆர்மீனியரும், ஆர்மீனியாவை விட்டு அசர்பைஜானியரும் பல இலட்சக் கணக்கில் ஓடிவந்தனர். 1994 இல் முடிந்த போரில் மேலும் பல இலட்சம் அசர்பைஜானியர் தம் ஊர்களை இழந்தனர். 2020 இல் மறுபடியும் போர் மூண்டது. 2023 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அசர்பைஜான் படை நடத்திய தாக்குதலின் பின், ஓரிரு வாரங்களுக்குள் 100,000 க்கும் அதிகமான ஆர்மீனியர் அம்மலைநாட்டை விட்டு வெளியேறினர். ஆட்களை வெளியேற்றிய பின்னர் பெயரையும் வெளியேற்றினால், இனி அங்கே அவர்கள் இருந்தார்கள் என்பதற்கே அடையாளம் இல்லையாகும். பெயர் மாற்றத்தில் உள்ள உண்மையான தீமை இதுவேயாம். புதிய பெயர் வைப்பதிலன்று, பழைய பெயர் ஒன்று இருந்ததே இல்லை என்று சாதிப்பதிலேயே அது இருக்கின்றது.

ஆனால் ஓர் ஐயம் எழலாம். ஊர் யாருக்குரியது என்று தீர்மானமாகாத வரையில் பெயரை எப்படித் தீர்மானிப்பது? இவ்வினாவுக்கு 2024 ஆம் ஆண்டு ஏப்ரில் 19 ஆம் நாள் அவ்விரு அரசுகளின் எல்லை ஆணையத்தார் செய்துகொண்ட உடன்பாடு ஓரளவு விடை தருகின்றது. முப்பது ஆண்டுகளாக ஆர்மீனியாவின் கையில், குடியற்றுப் பாழாய்க் கிடந்த நான்கு அசர்பைஜானிய ஊர்களின் நிலம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையில் எல்லை போகும் வழியை எவ்வாறு எழுதினார்கள் தெரியுமா? இரண்டிரண்டு ஊர்களாக இணைத்து எழுதினார்கள். ஆர்மீனியாவின் பகானிஸ், அசர்பைஜானின் பகானிஸ் ஐரூம். ஆர்மீனியாவின் வொஸ்கெபார், அசர்பைஜானின் கீழ் அஸ்கிபாரா. ஆர்மீனியாவின் கிரான்ட்ஸ், அசர்பைஜானின் ஹெய்ரிம்லி. ஆர்மீனியாவின் பெர்காபெர், அசர்பைஜானின் கிசில்ஹாஜிலி. இவ்விணைகளின் நடுவே எல்லை செல்லும் என்றார்கள். எந்தப் பெயர் பழையது, எது எதிலிருந்து பிறந்தது என்ற வழக்கை அவர்கள் தொடவே இல்லை. 1991 இல் சோவியத்து ஒன்றியம் கலைந்த வேளையில் ஒப்புக்கொண்ட எல்லையையே அடிப்படையாகக் கொண்டார்கள். நிலத்தின் உரிமையை உடன்படிக்கை தீர்மானித்தது. பெயரை அவ்வவ்வூராரிடமே விட்டுவிட்டார்கள்.

இவ்வுடன்பாடு நோவின்றி நிறைவேறியது என்று நான் சொல்ல வரவில்லை. கிரான்ட்ஸ் மக்கள் வீதியில் இறங்கி மறித்தனர். தம் வீட்டு வாயிலுக்கு அருகே எல்லை வந்துவிடுகிறதே என்று அஞ்சினர். அவர்கள் நாள்தோறும் போய்வந்த தெருவின் ஒரு பகுதி எல்லைக்கு அப்பாற்பட்டதாகி, வேறு தெரு அமைக்க வேண்டியதாயிற்று. தேவாலயத் தலைவர் ஒருவர் தலைமையில் அவர்களது எதிர்ப்பு தலைநகர்வரை சென்றது. அவர்களுடைய அச்சம் பொய்யன்று; இரண்டு போர் கண்டவர்கள் அவர்கள். ஆயினும் மே மாதம் 24 ஆம் நாள் அந்நிலம் கைமாறியது. துப்பாக்கி வெடிக்காமற் கைமாறியது. கார்க்கி, ஆர்ட்ஸ்வஷென், மேல் அஸ்கிபாரா முதலிய நிலத்தீவுகளின் வழக்கைப் பின்னர்ப் பேசித் தீர்ப்பதென்று ஒத்திவைத்தனர். கீழ் அஸ்கிபாரா திரும்பிப் போயிற்று. மேல் அஸ்கிபாரா காத்திருக்கின்றது.

அரசுகள் செய்ததை இவ்வளவு சொன்னேன். குடிமக்கள் செய்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1989 ஆம் ஆண்டு, பகை மூண்டு எங்கும் அடிதடி நடந்துகொண்டிருந்த காலம். அசர்பைஜானில் கெர்கெஞ்சு என்ற ஆர்மீனிய ஊரும், ஆர்மீனியாவில் கிசில் ஷஃபாக் என்ற அசர்பைஜானிய ஊரும் இருந்தன. இனி அங்கிருத்தல் இயலாது என்று உணர்ந்த இரு ஊராரும், ஒருவரோடு ஒருவர் பேசி, ஊரோடு ஊரை மாற்றிக்கொண்டனர். வீட்டுக்கு வீடு பார்த்து மாற்றினார்கள். அப்போது ஒரு வாக்குறுதியும் செய்துகொண்டார்கள். “எங்கள் முன்னோரின் கல்லறைகளை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள், உங்கள் முன்னோரின் கல்லறைகளை நாங்கள் காப்போம்” என்பதே அது. அவ்வாக்கை அவர்கள் காத்தனர். கிசில் ஷஃபாக்குக்கு இன்று சூனஷோக் என்று ஆர்மீனியப் பெயர் வழங்குகின்றது. கெர்கெஞ்சு தன் பெயரோடே இருக்கின்றது. ஓர் ஊரின் பெயர் மாறியது, மற்றதன் பெயர் மாறவில்லை. அதுபற்றி அவர்களுக்குள் பெரிய வழக்கு எழவில்லை. ஏன்? நீங்கள் இங்கே வாழ்ந்தீர்கள் என்பதை இரு சாராரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கல்லறையைக் காப்பவன், அதிலே பொறித்த பெயரையும் காக்கிறான் அன்றோ?

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்.

முதலாவது, நிலத்தின் உரிமையும் பெயரின் தொன்மையும் வெவ்வேறு வழக்குகள். முன்னதை உடன்படிக்கையும் சட்டமும் தீர்க்கவேண்டும். பின்னதை வரலாற்றாசிரியரும் மொழிநூலாரும் ஆராயட்டும். ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக்கினால் இரண்டும் கெடும். நிலத்துக்காகப் பொய்ப் பெயராராய்ச்சி பிறக்கும். பெயருக்காகப் போர் பிறக்கும்.

இரண்டாவது, ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட ஊருக்குத் தன் மொழியிற் பெயர் வழங்குதல் இயல்பே. ஆனால் தேசப்படத்திலும் பாடநூலிலும் பதிவேட்டிலும் முன்னைய பெயரையும் அருகிற் குறித்து வைக்கவேண்டும். இடப்பெயர்களை ஒழுங்குபடுத்துவதற்கென ஐக்கிய நாடுகள் சபை 1967 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் முதல் மாநாட்டைக் கூட்டியது. அதுமுதல் இத்துறையில் பணி நடந்து வருகின்றது. ஒழுங்குபடுத்துதல் என்பது துடைத்தழித்தல் ஆகாது.

இதற்கு மறுப்புச் சொல்வாரும் உளர். பழம்பெயரை எழுதி வைத்தால், பழைய உரிமைக் கோரிக்கையும் உயிரோடிருக்குமே என்பர். அவர்கள் கூற்றில் ஒரு நியாயம் இருக்கின்றது. இரு நாட்டிலும் அயலவர் பெயரை ஏட்டில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் திரும்பப் பிடிப்போம் என்று முழங்குவோர் இல்லாமலில்லை. ஆனால் துடைத்த பெயர் மறக்கப்படுவதில்லை என்பதே நாம் கண்ட உண்மை. புதுக் கார்க்கியிற் பிறந்த பிள்ளை, தன் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் பழைய கார்க்கியைச் சொல்கின்றது. ஏட்டிலிருந்து நீக்கிய பெயர் நெஞ்சில் ஏறி அமர்கின்றது. அங்கே அது நினைவாக மாத்திரம் இருப்பதில்லை, வன்மமாகவும் மாறுகின்றது. வெளிப்படையாக எழுதி வைத்த பெயர் வரலாறாக அடங்கும். மறைத்து வைத்த பெயர் வஞ்சமாக வளரும்.

மூன்றாவது, ஆசிரியர்களாகிய எமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் உரியது. தேசப்படத்தை விரித்துப் பிள்ளைக்கு ஓர் ஊரைக் காட்டும்போது, அதன் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அவ்வூருக்கு வேறு பெயர் உண்டா, அப்பெயரைச் சொல்லி அழைத்தவர் யார், அவர்கள் இன்று எங்கே இருக்கின்றார்கள் என்று கேட்கப் பழக்க வேண்டும். அவ்வினாவைக் கேட்கக் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் அயலவனைத் தன் நிலத்தில் நேற்று முளைத்த களையென்று எண்ணாது.

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8 ஆம் நாள், வாஷிங்டன் நகரில், ஆர்மீனியாவும் அசர்பைஜானும் தமக்குள் எழுதிய சமாதான உடன்படிக்கையின் வாசகத்துக்கு அவற்றின் வெளிவிவகார அமைச்சர்கள் முதற்கையொப்பம் இட்டனர். நிலத்தீவுகளின் வழக்கை எல்லை ஆணையத்தார் இனித்தான் தீர்க்கவேண்டும். கார்க்கி யாரிடம் போகும், ஆர்ட்ஸ்வஷென் யாரிடம் இருக்கும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டாலும் கொள்ளலாம். எவ்வாறு முடிந்தாலும், திக்ரானாஷெனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அகதிக் குடும்பமும் இருக்கும். புதுக் கார்க்கியில் பழைய வீட்டுத் திறப்பைப் பெட்டியில் வைத்திருக்கும் முதியவரும் இருப்பார். அவ்விருவரும் சொல்லும் பெயர்கள் இரண்டும் ஒரே பலகையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுதப்படும் நாளே அவ்வூருக்கு அமைதி வந்த நாளாகும்.